சமக்குறியை மீட்டல்: ஃபங்ஷனல் புரோகிராமிங் கற்பிக்கப்பட்ட வரலாறு குறித்து

1

தெரியாதவருக்குக் கற்றுக்கொடுப்பது பற்றி நம்மிடையே நிறையப் பேச்சு நடந்திருக்கிறது. பாவ்லோ ஃப்ரேயிரே தொடங்கி அறிவொளி இயக்கம் வரை நாம் விவாதித்ததில் பெரும்பகுதி, அதிகாரம் இல்லாதவர் கையில் எழுத்தை எப்படிக் கொண்டுசேர்ப்பது என்பதைச் சுற்றியே இருந்தது. இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. ஏற்கெனவே கற்றவர், கற்றதனால் பதவியும் மதிப்பும் பெற்றவர், இப்படிப்பட்டவருக்குப் புதிதாக ஒன்றைக் கற்றுத்தருவது எப்படி? கையில் இருப்பதைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு வாருங்கள் என்று அவரிடம் சொல்ல வேண்டியிருக்கும். அவ்வளவு சுலபமா வச்சிடுவாங்களா?

கம்ப்யூட்டர் அறிவியலுக்குள் இதற்கொரு நீண்ட வரலாறு இருக்கிறது. ஃபங்ஷனல் புரோகிராமிங் என்கிற நிரலாக்க முறையை, புரோகிராம் எழுதுவதில் தேர்ந்த ஆய்வாளர்களுக்கே கற்பிக்க நடந்த முயற்சிகளின் வரலாறு அது. 1960களின் லண்டனில் தொடங்கி இன்றுவரை நீள்கிறது. இதைத் தொழில்நுட்பக்காரர்களின் உள்வீட்டுச் சண்டை என்று ஒதுக்கிவிடலாம்தான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு சிந்தனை முறை எந்த இடங்களில் உயிரோடிருக்கிறது, எந்தக் கேள்வியைக் கேட்டு அதை வெளியேற்றுகிறார்கள், வெளியேற்றிய பிறகு அதிலிருந்து எதை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதையெல்லாம் இந்த வரலாற்றில் துல்லியமாகப் பார்க்க முடிகிறது. சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இது அந்நியமான கதை அல்ல.

2

முதலில் விஷயம் என்னவென்று பார்த்துவிடுவோம். கணிதம் தெரியாதவர்கள் பயப்பட வேண்டியதில்லை.

க = க + 1. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் முன்னால் இதை எழுதினால் காது திருகப்படும். எந்த எண்ணும் தன்னைவிட ஒன்று கூடுதலாக இருக்க முடியாது. அதே மாணவன் பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகிறான். அங்கே முதல் வாரமே இதை எழுதச் சொல்கிறார்கள். ‘இது சமக்குறி இல்லப்பா, மதிப்பிருத்தல்’ என்கிறார் ஆசிரியர். க என்பது ஒரு பெட்டி. அதில் இருப்பதை எடு, ஒன்று கூட்டு, திரும்ப அதிலேயே போடு என்று பொருள். இயந்திரத்தின் நினைவகம் பெட்டிகளின் வரிசையாக இருப்பதால் மொழியும் பெட்டிகளைப் பற்றியதாகிறது. 1945இல் ஜான் ஃபான் நாய்மன் எழுதிய அறிக்கையின் பெயரால் அறியப்படும் இயந்திர வடிவம், இப்படித்தான் சமக்குறியின் பொருளையே மாற்றிவிட்டது. இந்த முறையில் நிரல் என்பது கட்டளைகளின் தொகுப்பு. எடு, கூட்டு, போடு, திரும்பச் செய். நம் இலக்கணத்தில் இதற்குச் சரியான பெயர் இருக்கிறது: ஏவல்.

ஒரு பட்டியலில் உள்ள எண்களைக் கூட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஏவல் முறையில்: ஒரு பெட்டியில் 0 போடு, பட்டியலின் முதல் எண்ணை எடுத்துப் பெட்டியில் உள்ளதோடு கூட்டி அங்கேயே வை, பட்டியல் தீரும்வரை இதையே செய். ஃபங்ஷனல் முறையில் ஏவலே கிடையாது. இரண்டு வாக்கியங்கள் மட்டும்: வெறும் பட்டியலின் கூட்டுத்தொகை 0, மற்ற எந்தப் பட்டியலின் கூட்டுத்தொகையும் அதன் முதல் எண்ணோடு மீதிப் பட்டியலின் கூட்டுத்தொகையைச் சேர்த்தால் வருவது. 3, 5, 7 என்ற பட்டியலுக்கு இது 3 + (5 + (7 + 0)) என்று விரிந்து 15 ஆகிறது. இங்கே யாரும் எதையும் எந்தப் பெட்டியிலும் போடவில்லை. இரண்டு வாக்கியங்களும் எப்போதும் உண்மையாக இருக்கின்றன. சமக்குறிக்கு இடப்பக்கம் இருப்பதை வலப்பக்கம் இருப்பதால் எங்கு வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். பழைய கணக்கு வாத்தியாரின் சமக்குறி திரும்பக் கிடைத்துவிட்டது. அதனால், நிரல் சரிதானா என்று ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்வதோடு நிற்காமல், தாளில் எழுதி நிறுவவும் முடிகிறது.

இன்னொரு படி மேலே போகலாம். அந்த இரண்டு வாக்கியங்களில் கூட்டலை எடுத்துவிட்டுப் பெருக்கலை வையுங்கள், 0ஐ எடுத்துவிட்டு 1ஐ வையுங்கள். பெருக்குத்தொகை கிடைக்கிறது. அப்படியானால் இரண்டுக்கும் பொதுவான ஒரு வார்ப்பு இருக்கிறது. அந்த வார்ப்புக்கே ஒரு பெயர் வைத்து, ‘எந்தச் செயலைச் செய்வது’ என்பதையே அதற்கு உள்ளீடாகக் கொடுக்கலாம். எண்ணைப் போலவே ஃபங்ஷனும் கைமாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு பொருளாகிவிடுகிறது.

தமிழில் ஒரு வசதி இருக்கிறது. ஆங்கிலத்தில் ஃபங்ஷன் என்ற ஒரே சொல் கணிதத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் பொது. நம் பாடநூல்களில் கணிதத்தில் அது சார்பு, கம்ப்யூட்டரில் செயற்கூறு. ஒன்று உறவைச் சொல்கிறது, மற்றொன்று செயலைச் சொல்கிறது. கொடுத்ததற்கு ஏற்ற விடையை எப்போதும் ஒரே மாதிரி தருவது சார்பு. போகிற போக்கில் இன்னொரு பெட்டியைத் தொட்டுக் கலைத்துவிட்டும் போகக்கூடியது செயற்கூறு. செயற்கூறைச் சார்பாகத் திரும்பக் கேட்பதுதான் ஃபங்ஷனல் புரோகிராமிங் என்று நான் சொல்வேன். பாடநூல் குழுக்கள் இதை யோசித்து இரண்டு சொல் வைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் அந்த இடைவெளியில் ஒரு முழு வரலாறு உட்கார்ந்திருக்கிறது.

3

இந்தச் சிந்தனையின் வேர் 1930களில் அமெரிக்கத் தருக்கவியலாளர் அலோன்ஸோ சர்ச் உருவாக்கிய லாம்டா கால்குலஸ். மின்னணு இயந்திரங்கள் வருவதற்கு முன்பே, கணக்கிடுதல் என்பதைச் சார்புகளின் வழியே வரையறுத்தது அது. 1958இல் ஜான் மெக்கார்த்தி எம்.ஐ.டி.யில் தொடங்கிய லிஸ்ப் மொழி அதன் குறியீட்டைக் கடன் வாங்கியது. ஆனால் லாம்டா கால்குலஸையே நிரல்மொழிகளின் அடித்தளமாகப் படிக்கலாம் என்ற எண்ணம் பரவியது ஒரு பல்கலைக்கழகத் துறையின் பாடத்திட்டத்தால் அல்ல. ஒரு படிப்பு வட்டத்தால்.

1960களின் தொடக்கத்தில் லண்டனில் மெர்வின் ப்ராக்னெல் என்றொருவர் தருக்கவியல் வட்டம் ஒன்றை நடத்திவந்தார். புத்தகக் கடைகளில் தருக்கவியல் நூல்களைத் தேடி வருகிறவர்களைப் பார்த்துப் பேசி, வட்டத்துக்கு அழைத்துவிடுவது அவர் வழக்கம். கூட்டங்கள் பிர்க்பெக் கல்லூரியில் வேலை நேரம் முடிந்த பிறகு, நிர்வாகத்தின் அனுமதியில்லாமலே நடந்தன. இந்த வட்டத்தில்தான் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி, பீட்டர் லாண்டின், ராட் பர்ஸ்டால் ஆகியோர் கலந்துகொண்டனர். நிரல்மொழிகளின் பொருண்மையைப் பற்றிப் பிறகு இவர்கள் எழுதியவை அந்தத் துறைக்கே அடிப்படையாகிவிட்டன. நம்மூரில் யாரோ ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் நடந்த வாசக வட்டங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரேச்சி, எழுத்தாளர் லிட்டன் ஸ்ட்ரேச்சியின் அண்ணன் மகன். முனைவர் பட்டம் கிடையாது. பல ஆண்டுகள் பள்ளி ஆசிரியர். 1959 முதல் தனி ஆலோசகராக வேலை செய்தபோது 1960இல் லாண்டினைத் தன் உதவியாளராக அமர்த்திக்கொண்டார். அதாவது அன்று இங்கிலாந்தில் நிரல்மொழிக் கோட்பாடு குறித்த முக்கியமான ஆய்வு, ஒரு தனிமனிதர் கொடுத்த சம்பளத்தில் நடந்துகொண்டிருந்தது. 1964இல் லாண்டின் லாம்டா கோவைகளை இயந்திரம் எப்படி மதிப்பிடலாம் என்று காட்டினார். 1966இல் வெளியான கட்டுரையில் ‘இஸ்விம்’ என்ற மொழியை முன்வைத்தார். இனி வரப்போகும் எழுநூறு மொழிகளுக்கும் பொதுவான எலும்புக்கூடு எது என்பதே அவர் கேட்ட கேள்வி.

1967 ஆகஸ்டில் கோபன்ஹேகனில் நடந்த கோடைப்பள்ளியில் ஸ்ட்ரேச்சி, நிரல்மொழிகளின் அடிப்படைக் கருத்துகள் பற்றி விரிவுரை நிகழ்த்தினார். ஒரே நிரல் பல வகைத் தரவுகளுக்கும் பொருந்துவது எப்படி என்ற பகுப்பு உள்ளிட்டு, இன்று பாடநூல்களில் பெயர் சொல்லாமல் புழங்கும் பல கருத்துகள் அந்த விரிவுரைக் குறிப்புகளில் இருக்கின்றன. அவை அச்சேறியது 2000ஆம் ஆண்டில். ஸ்ட்ரேச்சி 1975இலேயே இறந்துவிட்டார். இடைப்பட்ட 33 ஆண்டுகள் அந்தக் குறிப்புகள் தட்டச்சுப் பிரதியாக, பிரதியின் பிரதியாகக் கைமாறின. உருட்டச்சுக் காலத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு பிரதியின் செல்வாக்குக்கும் அதன் அச்சு விவரத்துக்கும் சம்பந்தமில்லை.

4

இங்கிலாந்தின் இந்த வட்டத்திலிருந்து விஷயம் ஸ்காட்லாந்துக்குப் போனது. 1972இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் டர்னர் பாடம் நடத்த வசதியாக ஒரு மொழியை வடிவமைத்தார். கரும்பலகையில் எழுதுவதற்கான குறியீடாக மட்டுமே அதை நினைத்திருந்தார். சக ஆசிரியர் டோனி டேவி ஒரு வாரக்கடைசியில் உட்கார்ந்து, லிஸ்ப் மொழியைக்கொண்டு அதை இயந்திரத்தில் ஓட வைத்துவிட்டார். ஓடுகிற மொழிக்குப் பெயர் வேண்டுமே என்று ஸாஸல் என்று வைத்தார்கள். இந்த மொழிகளின் வரலாற்றில் பல முறை நடந்தது இது. மொழி வகுப்பறைக்காகப் பிறந்தது, இயந்திரம் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது.

அதே பத்தாண்டின் இறுதியில் எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு குரல் வந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தில் ஃபோர்ட்ரான் மொழியை உருவாக்கிய குழுவின் தலைவர் ஜான் பாக்கஸ். 1957இல் வெளிவந்த ஃபோர்ட்ரான்தான் ஏவல் முறையை உலகமெங்கும் நிலைநிறுத்தியது. அதற்காகவும் சேர்த்து 1977இல் டூரிங் விருது பெற்ற பாக்கஸ், ஏற்புரையில், ஃபான் நாய்மன் பாணியிலிருந்து நிரலாக்கத்தை விடுவிக்க முடியுமா என்று கேட்டார். நினைவகத்துக்கும் கணக்கிடும் பகுதிக்கும் இடையே ஒவ்வொரு சொல்லாகக் கடத்தும் குறுகிய வழி இயந்திரத்தின் கழுத்தை மட்டும் நெரிக்கவில்லை, நம் சிந்தனையின் கழுத்தையும் நெரிக்கிறது என்பது அவர் வாதம். மதிப்பிருத்தல் கூற்றுதான் மொழிக்குள் அந்தக் குறுகிய வழியின் வடிவம். விருதுக்குரிய செயலையே விருது மேடையில் கேள்விக்குள்ளாக்கியவர்கள் எந்தத் துறையிலும் அதிகமில்லை.

ஆனால் அந்த உரையை எல்லோரும் கொண்டாடிவிடவில்லை. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா மிகக் கடுமையாக ஒரு விமர்சனம் எழுதினார். வாதத்தைவிட விளம்பரம் அதிகம் என்பது அவர் குற்றச்சாட்டின் சாரம். இதே டைக்ஸ்ட்ராவை இன்னொரு இடத்தில் சந்திப்போம்.

பாக்கஸின் உரை ஆய்வாளர்களின் கவனத்தைத் திருப்பியது. நம்பிக்கையை ஏற்படுத்தியது வேறொரு கட்டுரை. ஜான் ஹ்யூஸ் 1984இல் எழுதியது அது. முறைப்படி இதழில் அச்சானது 1989இல். அதுவரை இதுவும் சுற்றுப்பிரதிதான். அதுவரை ஃபங்ஷனல் புரோகிராமிங்கின் பெருமையை விளக்கியவர்கள் பெரும்பாலும் ‘இதில் மதிப்பிருத்தல் கிடையாது, பக்கவிளைவு கிடையாது’ என்று இல்லாதவற்றின் பட்டியலையே வாசித்தார்கள். துறவியின் பெருமையைப் பேசுவது மாதிரி. இதையெல்லாம் துறந்து என்ன கிடைத்தது என்று கேட்டவனுக்குப் பதில் இல்லை. ஹ்யூஸ் கேள்வியைத் திருப்பிப்போட்டார். இந்த முறை எதைக் கூடுதலாகத் தருகிறது? ஒட்டுப்பசை தருகிறது என்றார். சார்பையே உள்ளீடாக வாங்கும் சார்பு ஒரு பசை. தேவைப்படும்வரை கணக்கிடாமல் தள்ளிவைக்கும் சோம்பல் மதிப்பீடு இன்னொரு பசை. சிறு துண்டுகளைச் செய்து வித்தியாசமாக ஒட்ட முடிவதால் பெரிய நிரல்கள் சிறியவையாகின்றன. ஆய்வாளர்களுக்குக் கற்பிக்கும் கலையில் இது ஒரு திருப்பம். ‘உன்னிடம் இருப்பது தவறு’ என்பதிலிருந்து ‘உன்னால் இதுவரை செய்ய முடியாத ஒன்று இதோ’ என்பதற்கு.

5

டர்னர் 1985இல் மிராண்டா என்ற மொழியை வெளியிட்டார். அழகான மொழி. ஆனால் அது ஒரு நிறுவனத்தின் சொத்து, பெயர் வணிகமுத்திரை. 1987 செப்டம்பரில் அமெரிக்காவின் போர்ட்லண்டில் நடந்த மாநாட்டில் ஆய்வாளர்கள் கூடியபோது, ஒரே சாயலில் ஒரு டஜனுக்கு மேற்பட்ட மொழிகள் இருந்தன. ஒவ்வொருவரும் தன் மொழியில் தன் மாணவருக்குக் கற்பித்துக்கொண்டிருந்தார்கள். பொதுமொழி ஒன்று வேண்டும் என்று குழு அமைத்தார்கள். மிராண்டாவையே அடித்தளமாக வைத்துக்கொள்ளலாமா என்று டர்னரிடம் கேட்டார்கள். அவர் மறுத்தார். ஆளுக்கொரு மிராண்டா உருவாகிவிடும், ஒரே தரம் நிலைக்காது என்பது அவர் கவலை. அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. மறுப்பின் விளைவு வேறாக இருந்தது. யார் வேண்டுமானாலும் இந்த மொழியை இயந்திரத்தில் அமைக்கலாம், யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பதைக் குழு தன் குறிக்கோள்களில் ஒன்றாக எழுதிவைத்தது. 1990 ஏப்ரல் 1 அன்று ஹாஸ்கல் அறிக்கை வெளிவந்தது. மிராண்டாவின் மூலநிரல் 2020இல் திறந்துவிடப்பட்டது. டர்னர் 2023இல் இறந்தார். ஒரு மொழியைப் பாதுகாப்பது என்றால் என்ன, வேலி போடுவதா, விதைத்துவிடுவதா என்ற கேள்விக்கு இந்த 30 ஆண்டுகள் ஒரு விடை சொல்லியிருக்கின்றன.

ஹாஸ்கல் கையில் வந்த பிறகு ஆய்வாளர்களே ஆய்வாளர்களுக்கு நடத்திய பள்ளிகள் தொடங்கின. 1995 மே மாதம் ஸ்வீடனின் போஸ்டாட் என்ற கடற்கரை ஊரில் முதல் உயர்நிலைப் பள்ளி நடந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் ஒலிம்பியாவில், 1998இல் போர்ச்சுகலின் ப்ராகாவில், 2002இல் ஆக்ஸ்ஃபோர்டில் என்று தொடர்ந்தது. போஸ்டாட் விரிவுரைத் தொகுப்பைப் பார்த்தால் அவர்கள் எப்படிக் கற்பித்தார்கள் என்பது தெரிகிறது. தத்துவ உபதேசம் குறைவு. ஹ்யூஸ் எடுத்துக்கொண்டது, எழுத்தை வரி பிரித்து அழகாக அடுக்கித் தரும் ஒரு சிறு நூலகம். அந்த நூலகம் எந்த விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று முதலில் சமன்பாடுகளாக எழுதி, அவற்றிலிருந்தே நிரலை வருவிக்கிறார். மீட்டெடுத்த சமக்குறி இங்கேதான் உண்மையில் வேலை செய்கிறது.

இந்தப் பாடத்தை ஆய்வு மாணவர்களிடம் நடத்திய அனுபவம் எனக்குக் கொஞ்சம் உண்டு. கல்லூரிக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் பட்டியலின் கூட்டுத்தொகையைப் பற்றிய அந்த இரண்டு வாக்கியங்களையும் சாதாரணமாக ஏற்றுக்கொள்கிறார்கள். பத்தாண்டு நிரல் எழுதியவர்தான் கையைத் தூக்குகிறார்: ‘சரிங்க, மதிப்பு எந்த இடத்துல மாறுது?’ எங்கேயும் மாறவில்லை என்றால் நம்ப மாட்டார். எங்கோ ஒளிந்திருக்கிறது என்று தேடுவார். அடுத்த கேள்வி, ‘வேகமா ஓடுமா?’ அதற்கு அடுத்தது, ‘இத எங்க யூஸ் பண்றாங்க?’ அறிவுக் குறைவால் வருகிற கேள்விகள் அல்ல இவை. இயந்திரத்தைத் தலைக்குள் ஓட்டிப் பார்த்துத்தான் அவர் இத்தனை நாள் நிரலைப் புரிந்துகொண்டார். அந்தத் திறமைதான் அவரை ஆய்வாளர் ஆக்கியது. இப்போது அதை நிறுத்தச் சொல்வது அவர் கையை முறுக்குவது போல. இந்தத் தடையைத் தாண்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். வாதத்தால் தாண்டியவர்கள் குறைவு. தன் ஆய்வில் இருந்த ஒரு பழைய சிக்கலைத் தானே இந்த முறையில் இருபது வரியில் எழுதிப் பார்த்தபோது தாண்டியவர்கள் அதிகம்.

6

இந்தத் துறைக்காரர்கள் தங்கள் மொழியைச் சொல்லும் சொல் ஒன்று நம் காதில் வேறு மாதிரி விழும். ‘தூய’ மொழி என்கிறார்கள். தூய சார்பு, தூய்மையற்ற சார்பு. வெளியுலகத்தைத் தொடுவது, எழுதுவது, படிப்பது எல்லாம் தூய்மையைக் கெடுக்கும் பக்கவிளைவுகள். தீட்டைப் பற்றித் தெரிந்த சமூகத்தில் வாழ்கிற நாம் இதைக் கேட்டுப் புன்னகைக்காமல் இருக்க முடியாது.

வரலாறும் இந்தச் சொல்லைக் கேலி செய்தது. ஹாஸ்கல் வந்த புதிதில் திரையில் ஒரு வரி எழுதுவதே தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. யாரோடும் பேசாத தூய்மையை வைத்து என்ன செய்வது என்று வெளியிலிருந்தவர்கள் கேட்டது நியாயமே. 1989இல் யூஜெனியோ மோஜி, கணிதத்தின் வகைக் கோட்பாட்டிலிருந்து மோனாட் என்ற அமைப்பை நிரல்மொழிகளின் பொருண்மையை விளக்கக் கொண்டுவந்தார். ஃபிலிப் வாட்லர் அதை நிரல் எழுதும் முறையாக மாற்றிக் கோடைப்பள்ளிகளில் கற்பித்தார். 1993இல் அவரும் சைமன் பெய்டன் ஜோன்ஸும் வெளியுலகத்தோடு பேசுவதற்கு இதைப் பயன்படுத்திக் காட்டினார்கள். 1996இல் ஹாஸ்கலில் இது முறையாக இடம்பெற்றது. மோனாடைச் சுருக்கமாகச் சொல்வதென்றால், உலகத்தைத் தொடும் செயலைத் தடைசெய்யாமல், ‘இந்தப் பகுதி உலகத்தைத் தொடுகிறது’ என்பதை அதன் வகையிலேயே வெளிப்படையாக எழுதிவைப்பது. எது தொடுகிறது, எது தொடவில்லை என்பது படிக்கிறவர் எல்லோருக்கும் தெரிகிறது.

அந்த அடையாளம் தொட்ட இடமெல்லாம் ஒட்டிக்கொள்ளும் என்பதும் உண்மைதான். அதை வைத்து உவமையை மேலும் இழுக்க எனக்கு விருப்பமில்லை. சாதி, மனிதர்மேல் பிறப்பால் ஒட்டப்படுவது. இது, எழுதியவர் தன் செயலைப் பற்றித் தருகிற ஒப்புதல். தூய்மை என்ற சொல்லைக் கைவிட்டுவிட்டு ஒளிவின்மை என்று சொன்னால் இந்த மரபின் உண்மையான பலம் விளங்கும்.

7

இனி, வெளியேற்றத்தின் கதை.

2001இல் அமெரிக்காவின் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம், இளநிலை அறிமுகப் பாடத்தில் ஹாஸ்கலை நீக்கிவிட்டு ஜாவாவை வைக்க முனைந்தது. அங்கே பேராசிரியராக இருந்து 1999இல் ஓய்வுபெற்றிருந்த டைக்ஸ்ட்ரா, ஏப்ரல் மாதம் நிதிக்குழு உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதினார். பாக்கஸை விளாசிய அதே டைக்ஸ்ட்ரா. ஃபங்ஷனல் நிரல்களைக் கணிதப் பொருள்களாகக் காண்பது எளிது. இயந்திரத்தைத் தலைக்குள் ஓட்டிப் பார்க்கும் பழக்கத்தை இம்மொழி ஊக்குவிப்பதில்லை. ஏற்கெனவே நிரல் எழுதிப் பழகிவந்த மாணவருக்கும் இது புதிது என்பதால், நிரலாக்கத்தில் தனக்குத் தெரிந்ததைவிட அதிகம் இருக்கிறது என்பதை அவர் உணர்வார் என்று வாதிட்டார். ஜாவாவின் வெற்றிக்குப் பின்னால் இருந்த விளம்பரத்தையும் சுட்டினார். தொழில்துறை எதை வேண்டுமானாலும் ஏற்றுக்கொள்ளட்டும், ஆரோக்கியமான மாற்றை உயிரோடு வைத்திருப்பது பல்கலைக்கழகத்தின் வேலை என்பது அவர் நிலை. கடிதம் எடுபடவில்லை. அடுத்த ஆண்டு அவர் இறந்தார்.

எம்.ஐ.டி.யின் கதை இன்னும் மென்மையானது. ஏபெல்சன், சஸ்மன் இருவரும் நடத்திய அறிமுகப் பாடமும் அதிலிருந்து 1985இல் வந்த பாடநூலும், லிஸ்ப்பின் கிளையான ஸ்கீம் மொழியில் அமைந்தவை. அந்தப் புத்தகத்தில் மதிப்பிருத்தல் மூன்றாம் அத்தியாயத்தில்தான் வருகிறது. அதற்குள் மாணவர் இரண்டு அத்தியாயங்கள், எதையும் மாற்றாமல் எவ்வளவு தூரம் போக முடியும் என்று பார்த்துவிடுகிறார். 2008 வாக்கில் அந்தப் பாடம் விலகி, பைத்தான் மொழியைக்கொண்டு வேறொன்று வந்தது. காரணங்கள் சொல்லப்பட்டன. சில சரியானவையும்கூட.

இதே காலத்தில் சந்தையில் நடந்தது கவனத்துக்குரியது. 2004இல் கூகுள் வெளியிட்ட மேப்ரெட்யூஸ் என்ற பெருந்தரவு முறை, தன் இரண்டு மையச் சொற்களையும் லிஸ்ப் மரபிலிருந்து எடுத்ததாகச் சொல்லிக்கொண்டது. நாம் மேலே பார்த்த, கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் பொதுவான வார்ப்பின் உறவினர்தான் அதில் ஒன்று. மைக்ரோசாஃப்ட் 2007இல் சி ஷார்ப் மொழிக்குள் இக்கருத்துகளைக் கொண்டுவந்தது. 2014இல் ஜாவாவின் எட்டாம் பதிப்பில் லாம்டாவே வந்துவிட்டது. ஆஸ்டினில் ஹாஸ்கலை வெளியேற்றிய அதே ஜாவா. வகுப்பில் ‘இத எங்க யூஸ் பண்றாங்க?’ என்று கேட்டவருக்கு இப்போது பதில் கிடைத்துவிட்டது: எல்லா இடத்திலும்.

வெற்றிதானே என்று கேட்கலாம். பாதி வெற்றி. எடுத்துக்கொள்ளப்பட்டது கருவி, விடப்பட்டது காரணம். லாம்டாவை எழுதத் தெரிந்தவர் பெருகிவிட்டார்கள். அந்த நிரல் சரி என்று தாளில் நிறுவத் தெரிந்தவர் பெருகவில்லை. விதிகளை எழுதி நிரலை வருவிக்கிற நிதானத்தை எந்த நிறுவனமும் தன் பதிப்பில் சேர்க்கவில்லை, சேர்க்கவும் முடியாது. அது வகுப்பறையில், வட்டத்தில், ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போக வேண்டிய விஷயம். விளிம்பிலிருந்து வந்த கலையை மையம் சுவீகரிக்கும்போது என்ன நடக்கும் என்று நாம் வேறு துறைகளில் பேசிவந்திருக்கிறோம். இங்கும் அதே சூத்திரம்.

8

பீட்டர் லாண்டினைப் பற்றி ஒன்று சொல்லாமல் இதை முடிக்க முடியாது. லண்டன் குவீன் மேரி கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். 1970களின் தொடக்கத்தில் ஓரினச்சேர்க்கையாளர் விடுதலை முன்னணியில் பங்கெடுத்தார். அணுஆயுத எதிர்ப்புப் போராட்டத்தில் கைதானார். அவர் 2009இல் இறந்தபோது கார்டியன் நாளிதழில் வந்த இரங்கல் குறிப்பு ஒரு கசப்பான செய்தியைச் சொன்னது. கம்ப்யூட்டர் என்பதே கெட்ட யோசனை, அது பெருநிறுவன லாபத்துக்கும் கண்காணிப்பு அரசுக்கும்தான் துணைபோனது, அதை வளர்ப்பதில் தன் சக்தியை வீணாக்கிவிட்டோம் என்று பிற்காலத்தில் அவர் நம்பினாராம்.

இதை நாம் நேராகப் பார்க்க வேண்டும். சமக்குறியை மீட்பதால் கண்காணிப்பு நின்றுவிடாது. உளவு பார்க்கும் நிரலையும் அழகான சார்புகளாக எழுதலாம். மொழியை மாற்றினால் உலகம் மாறிவிடும் என்று இந்தத் துறையில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். லாண்டினின் கணிப்பை மறுக்க என்னிடம் ஆதாரமில்லை. ஆனால் பிர்க்பெக்கில் அனுமதியில்லாமல் கூடியவர்கள் யாரும் பெருநிறுவனத்துக்காகக் கூடவில்லை என்பதும் உண்மை. எவனும் கேட்காத ஒன்றை, தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே தெரிந்துகொள்ளும் உரிமையை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பணயத்தில் இருப்பது அந்த உரிமை. 2001இல் ஆஸ்டினில் தோற்றதும் அதுதான்.

நம் பக்கத்திலும் இதன் தடங்கள் உண்டு. சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் நிறுவனத்தில் இளநிலை மாணவருக்கு ஹாஸ்கல் வழியாகவே நிரலாக்கத்தை அறிமுகப்படுத்தும் வழக்கம் இருந்துவருகிறது. அங்குள்ள மாதவன் முகுந்த், எஸ்.பி.சுரேஷ் இருவரின் ஹாஸ்கல் விரிவுரைகள் என்பிடெல் வழியாக யாருக்கும் இலவசம். இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. தமிழ்நாட்டில் 2019இல் வந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலின் முதல் அத்தியாயமே செயற்கூறு பற்றியது. தூய செயற்கூறுக்கும் மற்றதற்கும் உள்ள வேறுபாட்டை, ராபின் மில்னர் எடின்பரோவில் உருவாக்கிய எம்.எல். மொழியின் சாயலில் அமைந்த குறியீட்டில் அது விளக்குகிறது. பைத்தான் அதன் பிறகுதான் வருகிறது. லண்டன் படிப்பு வட்டத்தில் தொடங்கிய விவாதம் அரசுப் பள்ளி மாணவியின் மேசைக்கு வந்து சேர்ந்திருக்கிறது, தமிழில்.

வந்தது எந்த வடிவத்தில் என்பதே கேள்வி. ‘தூய செயற்கூறு என்றால் என்ன? இரண்டு மதிப்பெண்’ என்று மனப்பாடமாகப் போகப்போகிறதா, அல்லது அந்த மாணவி எழுந்து நின்று, கணக்குப் பாடத்தில் க = க + 1 தப்பு என்றால் இங்கே மட்டும் எப்படிச் சரி என்று கேட்கப்போகிறாளா? அப்படிக் கேட்டால் ஆசிரியர் ‘சிலபஸ்ல இல்ல, உட்காரு’ என்று சொல்லாமல், பாடப்புத்தகத்தை மூடிவைத்துப் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முதலில் ஆசிரியருக்குச் சொல்லித்தர வேண்டும். கற்றவருக்குக் கற்பிக்கும் அந்தப் பழைய, கடினமான வேலை அங்கிருந்துதான் திரும்பத் தொடங்கும்.